ஓவசியர் அண்ணையும் எங்கள் வீட்டு இரண்டாவது குசினியும்

மொன்றியல் நகரத்தில் அரசாங்கம் அச்சடித்த விதிகளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்த ஒரே மனிதர் ஓவசியர் அண்ணைதான். தமிழர்களில் ஒரே மனிதர் என்று எழுத வந்தேன். யோசித்துப் பார்த்தால் பிரெஞ்சுக்காரர்களிலும் வேறு ஒருவர் வாசித்திருக்க மாட்டார். எழுதியவர்களே இரண்டாம் தரம் வாசித்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். ஓவசியர் வாசித்தார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் தமிழில் குறிப்பு எழுதி வாசித்தார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஊரில் பொதுவேலைப் பகுதியில் ஓவசியராக இருந்து மதகுகளையும் பள்ளிக்கூடக் கட்டிடங்களையும் மேற்பார்வை செய்தவராம். கனடாவுக்கு வந்து கோழி வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் குளிர் அறையில் நின்று வேலை செய்தார். ஆனால் பழைய உத்தியோகம் அவரை விட்டு இறங்கவில்லை. வெள்ளை அரைக்கைச் சட்டை, பொக்கற்றில் மூன்று பேனை, இடுப்பில் அளவு நாடா. பனிக்காலத்தில் இதற்கெல்லாம் மேலே யாரோ கொடுத்த ஒரு பெரிய கோட் ஏறும். அந்தக் கோட்டுக்குள் கையை விட்டு நாடாவைத் தேடி எடுக்க ஒரு நிமிடம் பிடிக்கும். அந்த ஒரு நிமிடத்தில் வீட்டுக்காரர்கள் தங்கள் பிழைகளை மறைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் பகிடி விடுவோம்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நாங்கள் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு பழைய மாடி வீட்டில் இருந்தோம். நானும் மனைவியும் இரண்டாம் மாடி, ஓவசியர் மூன்றாம் மாடியில் தனியாக. அவருடைய மனைவி பிள்ளைகளைப் பற்றி யாராவது கேட்டால், "அது வேறை கோப்பு தம்பி" என்று சொல்லிக் கதையை மூடிவிடுவார். அதற்கு மேல் நாங்களும் கேட்பதில்லை.

ஒருநாள் என் மனைவி மிளகாய் வறுத்தாள். புகை மணி அலறியது. கீழ் வீட்டுக்காரர் ஜன்னலால் கத்துகிறார், எதிர் வீட்டுக் குழந்தை அழுகிறது, நான் துவாயை வீசி வீசிப் புகையைக் கலைக்கிறேன். கதவு தட்டிய சத்தத்துக்குத் திறந்தால் ஓவசியர், கையில் கடிகாரம்.

"தங்கச்சி, எப்ப வறுக்கத் தொடங்கினனீங்கள்?"

"இப்பதான் அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"மன்னிப்பு வேண்டாம். நேரம் சொல்லுங்கோ. நாப்பது செக்கனுக்குள்ளை அடிச்சிருக்கோணும். சரியாத் தெரியாட்டில் இன்னொருக்கா வறுங்கோ."

இன்னொருக்கா வறுத்தாள். முப்பத்தெட்டுச் செக்கனில் அடித்தது. ஓவசியர் திருப்தியோடு கொப்பியில் குறித்துக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

இன்னொரு முறை ஒரு நிச்சயதார்த்தம். பெண் வீட்டுக்காரர் தங்கள் பேஸ்மென்டைப் பூவும் மின்விளக்குமாகச் சோடித்து வைத்திருந்தார்கள். எல்லோரும் பெண்ணைப் பார்க்க, ஓவசியர் கூரையைப் பார்த்தார். நாடாவை எடுத்து அளந்தும் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் போய்க் குரலைத் தாழ்த்தி, "ஆறடி அஞ்சங்குலம். உங்கட பொடியன் ஆறடி ரெண்டு. சப்பாத்தோடை நிக்க விடாதேங்கோ" என்றார். அவர் குரலைத் தாழ்த்தினால் பத்துப் பேருக்குத்தான் கேட்கும். அன்றைக்கு மாப்பிள்ளை கடைசி வரை கழுத்தைக் குறுக்கிக்கொண்டே இருந்தான். அடக்கமான பிள்ளை என்று பெண் வீட்டார் மெச்சிக்கொண்டார்கள்.

பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கியிருந்த ஒருவர், தன் பேஸ்மென்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட நினைத்து, ஓவசியரிடம் ஒரு பிளான் கீறித் தரச் சொன்னார். ஜன்னல் என்று சொல்ல அங்கே இருந்தது ஒரு சப்பாத்துப் பெட்டி அளவு ஓட்டை. ஓவசியர் இரண்டு மணித்தியாலம் அளந்தார். மூன்று தேத்தண்ணி குடித்தார். கடைசியில் அழகான ஒரு படம் கீறி, நடுவில் பெரிய எழுத்தில், 'இங்கே உருளைக்கிழங்கு இருக்கலாம். மனிதர் இருக்க முடியாது' என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஆள் அதற்குப் பிறகு ஓவசியரை மெட்ரோவில் கண்டால் அடுத்த பெட்டிக்கு மாறி ஏறுவார்.

இந்தப் படங்களையெல்லாம் அவர் நேரே பேனையால்தான் கீறுவார். "பென்சிலாலை கீறினது கீறினதாகாது தம்பி. அது சும்மா கதைச்சுப் பாக்கிறது. பேனையாலை கீறினால்தான் கணக்கு" என்பார். அவரிடம் பென்சில் ஒன்று இருந்தது. அதைக் காதுக்குப் பின்னால் செருகியிருப்பாரே தவிர, காகிதத்தில் வைத்து நான் கண்டதில்லை.

அவருடைய பிரெஞ்சையும் சொல்ல வேண்டும். முழுக்க விதிப் புத்தகத்தில் படித்த பிரெஞ்சு அது. கடையில் பாண் கேட்க வராது. ஆனால் 'முற்கூறிய பந்திக்குப் பங்கமில்லாமல்' என்று தடையில்லாமல் சொல்வார். மூலைக் கடைக்காரப் பெண்ணிடம் ஒருநாள், "மேற்குறிப்பிட்ட பாலில் இரண்டு லீட்டருக்கு மேற்படாத அளவு" கேட்டார். அவள் பயந்துபோய் முதலாளியைக் கூப்பிட்டாள். அரசாங்க ஆள் சோதனைக்கு வந்திருப்பதாக நினைத்துவிட்டாளாம்.

இப்படிப்பட்ட மனிதரின் கையில்தான் நான் என் அக்காவின் வாழ்க்கையைக் கொடுத்தேன்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அத்தான் இறந்த பிறகு மகளோடு ஊரில் தனியே இருந்தவளை, பத்து வருடத்துக்கு மேலாகக் கடிதமும் படிவமுமாக இழுபட்டுக் கூப்பிட்டு எடுத்தேன். அவள் வருவதற்கு முன்பே எல்லோரும் ஒன்றாக இருக்கலாம் என்று மொன்றியல் தீவுக்கு வெளியே, ரயில் பாதை முடிந்து இன்னும் போக வேண்டிய ஒரு கிராமத்தில், பழைய பண்ணை வீடு ஒன்றை வாங்கியிருந்தேன். சுற்றிவரச் சோள வயல். நாலு படுக்கை அறை. பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு கராஜ்.

குடிபூரல் நாளன்று ஓவசியரும் வந்திருந்தார். அடுப்பில் பால் பொங்குகிறது, ஐயர் மந்திரம் சொல்கிறார், எல்லோரும் கும்பிடுகிறார்கள். ஓவசியரைக் காணவில்லை. போய்ப் பார்த்தால் கராஜுக்குள் நின்று ஒவ்வொரு பலகையாகச் சுவரைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணை, பால் பொங்குது."

"பொங்கட்டும். இந்தக் கராஜ் கராஜில்லைத் தம்பி."

கார் நிற்கிற இடம் கராஜ் இல்லையென்றால் வேறென்ன என்று கேட்க எனக்கு அப்போது நேரமில்லை. கேட்டிருக்கலாம்.

அக்கா வந்து ஒரு மாதம் வீடு வீடாக இருந்தது. அக்கா சுத்த சைவம். அத்தான் போன பிறகு வெங்காயம்கூட நாள் பார்த்துத்தான் தொடுவாள். என் மனைவி கடற்கரைப் பக்கத்தில் பிறந்தவள். மீன் இல்லாத சோறு அவளுக்குப் பத்தியம். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் உயிர். சண்டை பிடித்திருந்தால் நான் தீர்த்து வைத்திருப்பேன். அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள், அதுதான் பெரிய கரைச்சல்.

அக்காவுக்கு மணக்கக் கூடாது என்று மனைவி ஒரு பழைய அடுப்பை வாங்கிக் கராஜுக்குள் வைத்தாள். ஜனவரி மாதத்தில் கோட், தொப்பி, பனிச் சப்பாத்து எல்லாம் போட்டு, ஒரு கையுறையைக் கழற்றி மீனைப் புரட்டிப் போட்டுவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வாள். மச்சாள் இப்படிக் குளிரில் நின்று கஷ்டப்படுகிறாளே என்று அக்கா, குசினியை முழுக்க அவளுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, பேஸ்மென்டில் துணி தோய்க்கும் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு மின்னடுப்பை வைத்துப் பருப்புக் காய்ச்சினாள். ஆக வீட்டில் அடுப்பு மூன்று. நடுவில் இருந்த நல்ல குசினியில் யாரும் சமைக்கவில்லை. நான் மட்டும் இரண்டு பக்கமும் போய் இரண்டு முறை சாப்பிட்டு, அந்தப் பனிக்காலத்தில் நன்றாகப் பெருத்தேன்.

மார்ச் மாதம் அக்கா என்னைக் கூப்பிட்டு, அமைதியாகச் சொன்னாள்.

"தம்பி, நான் பார்க் எக்ஸ்டென்ஷனிலை ஒரு வீடு பாத்திருக்கிறன். நானும் பிள்ளையும் அங்கை போறம். உன்ரை மனிசி பாவமடா. சொந்த வீட்டிலை குளிருக்கை நிண்டு சமைக்கிறாள்."

மனைவி குறுக்கே வந்தாள். "மச்சாள், நீங்கள் போனால் நான் மீனே தின்னன்."

"நீ மீன் தின்னோணுமெண்டுதான் பிள்ளை நான் போறன்."

இரண்டு பேரும் அழுதார்கள். பத்து வருடம் கழித்துக் கண்ட அக்காவை ஒரு மீன் சட்டிக்காக விடுவதா? அடுத்த ரயிலில் நான் ஓவசியரிடம் போனேன்.

ஓவசியர் கதையைக் கேட்கவில்லை. கிராமத்தின் பெயரைத்தான் கேட்டார். அடுத்த சனிக்கிழமை அந்தக் கிராமசபையின் விதிப் புத்தகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நல்ல சட்டம் தம்பி. வயல் பூமி, அதாலை புது வீடு கட்டேலாது. ஆனால் இருக்கிற வீட்டுக்குள்ளை இன்னொரு குடும்பத்துக்கு இடம் பிரிக்கலாம். வயலும் தப்பும், சனமும் கூடும். ஆர் எழுதினதோ தெரியாது, நல்லாப் படிச்சவன்."

"அப்ப அக்காவுக்குத் தனிக் குசினி போடலாமோ?"

"போடலாம். நிபந்தனை இருக்கு. வெளியிலை நிண்டு பாத்தால் ஒரு வீடு மாதிரித்தான் இருக்கோணும், முன்கதவு ஒண்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு குசினிதான், கூடாது. செப்டிக் டாங்க் படுக்கை அறை எண்ணிக்கைக்குக் காணோணும். உங்கட டாங்க் நாலு அறைக்கு. சரியா நாலு அறைதான். பேந்தென்ன?"

பின்பக்கத்து இரண்டு அறையும் அக்காவுக்கும் மகளுக்கும். பக்கத்தில் சாமான் அறையாகக் கிடந்தது அக்காவின் சைவக் குசினி. பிளான் பேனையால் கீறப்பட்டு, மடிக்கப்பட்டு, சபைக்குப் போனது. வீட்டைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வருவதாகப் பதில் வந்தது.

கூடுதல் அடுப்புகள் இரண்டையும் எங்கே ஒளிப்பது என்பதுதான் என் பிரச்சினை. பேஸ்மென்ட் அடுப்பை அழுக்குத் துணிக் கூடைக்குள் தாட்டேன். கராஜ் அடுப்பு பெரியது, அசைக்க முடியவில்லை. இதற்கென்றே கடைக்குப் போய்ப் பூப்போட்ட போர்வை ஒன்று வாங்கி மூடி, மேலே நாலு பனி டயர்களை அடுக்கினேன். பார்க்க ஒரு சமாதி மாதிரி இருந்தது.

இன்ஸ்பெக்டர் றப்பர் சப்பாத்துப் போட்ட ஓர் இளம் பெண். சிரித்த முகம். பொன்ஜூர் சொல்லி உள்ளே வந்து, ஒவ்வோர் அறையாகப் பார்த்தாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. கராஜ் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனவளை, ஓவசியர் கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளே போனார். நாலு டயரையும் ஒவ்வொன்றாக உருட்டி இறக்கினார். போர்வையை இழுத்தார்.

"பந்தி ஏழின்படி மறைக்கப்படாதது," என்றார் பிரெஞ்சில், மிகவும் பெருமையாக.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, துணிக் கூடையும் எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் எழுதினாள். அடுப்பு மூன்று. அதாவது கட்டப்போகிற குசினியோடு நாலு. "இங்கே எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன, ஐயா?" என்று என்னை இரக்கத்தோடு கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம் என்று மனைவி முந்திக்கொண்டு சொன்னதையும் எழுதிக்கொண்டாள். பிறகு அக்காவின் சாமி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அது வீட்டில் ஒரு சின்ன மூலை அறை. கதவு, ஜன்னல், சுவர் அலுமாரி எல்லாம் உண்டு. இந்த மூன்றும் இருந்தால் அது படுக்கை அறை. ஆக அறை ஐந்து. நாலு அறை டாங்க் அதற்குக் காணாது.

"மேடம், இங்கே யாரும் படுப்பதில்லை," என்றேன்.

அவள் பிள்ளையாரையும் முருகனையும் அம்மனையும் மரியாதையாகப் பார்த்தாள். "ஆனால் அவர்கள் படுக்கலாம், ஐயா," என்றாள். விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறதாம்.

அவள் போன பிறகு நான் ஓவசியரிடம் வாய்க்கு வந்தபடி கத்தினேன். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் அந்தப் பெரிய கோட்டை மாட்டிக்கொண்டு வயல் ரோட்டில் நடந்து போனார். சபையின் கடிதம் வந்தது. விண்ணப்பம் அடுத்த கூட்டத்தில் எடுக்கப்படும், நிராகரிக்கும்படி சிபாரிசு. அக்கா சூட்கேசை இறக்கித் தூசி தட்டினாள். ஓவசியரோடு நான் மூன்று கிழமை பேசவில்லை.

கூட்டம் மாலை ஏழு மணிக்கு, கிராமத்து மண்டபத்தில். நானும் மனைவியும் அக்காவும் போய்ப் பின் வரிசை வாங்கில் இருந்தோம். முன் வரிசையில் தனியாக ஒரு பெரிய கோட் இருந்தது. எப்படி வந்தார் என்று தெரியாது. ரயில் நிற்கும் இடத்திலிருந்து அங்கே ஒன்பது கிலோமீட்டர்.

பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் என்று மேயர் அறிவித்ததும் ஓவசியர் எழுந்தார். பொக்கற்றைத் தடவி மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டார். அவர் பேசிய பிரெஞ்சைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்.

"மாண்புமிகு சபையோருக்கு. கீழே கையொப்பமிட்டவராகிய நான், முற்கூறிய பந்திகளுக்குப் பங்கமில்லாமல், ஒரு கேள்வி. கராஜ் எனப்படுகின்ற அந்த இடத்தின் மேற்குச் சுவரில், தரையிலிருந்து ஆறடி உயரத்தில், ஏழங்குல விட்டமுள்ள வட்டம் ஒன்று பலகையால் அடைக்கப்பட்டிருக்கிறது. அது என்ன?"

மேயருக்குத் தெரியவில்லை. இன்ஸ்பெக்டருக்கும் தெரியவில்லை. சபை மேசையின் ஓரத்தில் கட்டம் போட்ட சட்டையோடு இருந்த ஒரு கிழட்டு விவசாயி மட்டும் தலையை நிமிர்த்தினார்.

"அடுப்புக் குழாய் போன இடம்," என்றார். "அது என் பெரியம்மா வீடு. அந்தப் பக்கம் கோடைக் குசினி. வெயில் காலத்தில் வீட்டுக்குள் வெக்கை ஏறக்கூடாது என்று எல்லாப் பண்ணை வீட்டிலும் வெளியே ஒரு குசினி வைத்திருப்போம். பெரியம்மா பன்றிக் கொழுப்பை உருக்குவதும் அங்கேதான். வீட்டுக்குள் உருக்கினால் ஒரு கிழமைக்கு மணக்கும்."

"ஒரு கிழமை," என்றார் ஓவசியர், எங்கள் பக்கம் திரும்பி, தமிழில். "மீனும் அப்பிடித்தானே தங்கச்சி?"

மனைவி எழுந்து நின்று, "ஓம் அண்ணை, ஓம்" என்றாள். சபையில் யாருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் குறிப்பெழுதுகிறவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

கோடைக் குசினி புதிதாக வந்ததல்ல, வீட்டோடு பிறந்தது. அதில் பனிக்காலத்தில் மனிதர் குடியிருக்க முடியாது, ஆகவே அது இன்னொரு குடும்பம் ஆகாது. பேஸ்மென்ட் அடுப்பைக் கழற்றி எடுக்கிறோம். இவ்வளவையும் ஓவசியர் பந்தி இலக்கத்தோடு அடுக்கினார். சாமி அறைக்கு வந்தபோது, அங்கே இருப்பவர்களுக்கு மலசலகூடம் தேவைப்படுவதில்லை என்று சொல்லிப் பார்த்தார். மண்டபம் சிரித்தது. மேயர் மேசையில் தட்டி, விதியில் கடவுளுக்கு விலக்கு இல்லை என்றார். ஓவசியர் அதை ஒத்துக்கொண்டார்.

"அப்படியானால் கதவைக் கழற்றுகிறோம். கதவில்லாத அறை படுக்கை அறை அல்ல."

பின் வாங்கில் அக்கா திடுக்கிட்டாள். "சாமிக்குக் கதவில்லையோ?" நான் அவள் கையைப் பிடித்தேன்.

மேயர் விடவில்லை. "ஐயா, ஒரு கேள்வி என்னிடமும் இருக்கிறது. இவர்கள் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவதாக அறிக்கையில் இருக்கிறது. ஒருவருக்கொருவர் அன்பானவர்கள் என்றும் இருக்கிறது. பிறகு எப்படி இதை இரண்டு குடும்பம் என்கிறீர்கள்?"

ஓவசியர் புத்தகத்தைப் புரட்டினார். அது புத்தகத்தில் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். முதல் தடவையாக அவர் வாயில் பந்தி இலக்கம் வரவில்லை, சும்மா பிரெஞ்சு, உடைந்த பிரெஞ்சு வந்தது.

"சாப்பாடு போடாமல் யாருக்காகக் காத்திருக்கிறார்களோ, அவர்கள் ஒரு குடும்பம். அந்த அம்மா, மகள் பள்ளிக்கூடத்தால் வரும் வரை காத்திருப்பார். இந்த அம்மா, இவர் வேலையால் வரும் வரை. அது இரண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒன்று. விதியில் ஞாயிற்றுக்கிழமை பற்றி எதுவுமில்லை."

கட்டம் போட்ட சட்டைக்காரர் முதலில் கையை உயர்த்தினார். மற்றவர்களும் உயர்த்தினார்கள். அக்காவும் சேர்ந்து கையை உயர்த்தினாள், அவளுக்கு வாக்கில்லை என்று யாரும் சொல்லவில்லை.

காரில் வரும்போது நான் கேட்டேன். "குழாய் விசயம் தெரிஞ்சும் ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

"குடிபூரலண்டைக்கே சொன்னனான், கராஜ் கராஜில்லையெண்டு. நீங்கள் கேக்கேல்லை. போர்வை வாங்கத்தானே போனியள்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் எங்கள் காரின் பின் சீற்றில் கால் வைக்கிற இடத்தை அளந்துகொண்டிருந்தார்.

அக்காவின் குசினி அந்தக் கோடையில் எழும்பியது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவசியர் ரயில் ஏறி வருவார். சாப்பிட வருகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "சும்மா ஒரு சோதினை" என்பார். வந்து, முன்கதவு ஒன்றுதானா என்று எண்ணிவிட்டு இருப்பார். பனி கொட்டி ரயில் பிந்தினால், அக்கா கறிச் சட்டிகளை மூடி வைத்துவிட்டு ஜன்னலில் நிற்பாள். எனக்குப் பசியில் கண் இருட்டும். "அண்ணை வரட்டுமடா" என்பாள். சோறு போட மாட்டாள்.

அனுமதியோடு ஒரு வருடாந்தக் கடமையும் வந்திருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் இரண்டாவது குடும்பத்தில் யார் யார் என்று சத்தியம் செய்து எழுதிச் சபைக்கு அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தை ஓவசியரே நிரப்புவார். இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ, அக்காவின் பெயரையும் மகளின் பெயரையும் எழுதிவிட்டுப் பேனையை மூடப் போனவரிடமிருந்து அக்கா அதை வாங்கினாள். மூன்றாவது வரியில் 'ஓவசியர் அண்ணை' என்று நிதானமாக எழுதினாள்.

"உதென்ன பிள்ளை? இது சத்தியக் கடதாசி!"

"தெரியும் அண்ணை."

"நான் இருக்கிறது பார்க் எக்ஸ்டென்ஷன். கடிதம் வாறது அங்கை. படுக்கிறது அங்கை. உது பேருமில்லை, உத்தியோகம்!"

"சபையிலை நீங்கள்தானே சொன்னனீங்கள், ஆருக்காகக் காத்திருக்கினமோ எண்டு. இந்த வீட்டிலை நாங்கள் ஆருக்காகக் காத்திருக்கிறம்?"

ஓவசியர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு அடிமட்டத்தை எடுத்து, மூன்றாவது வரியின் நடுவால் ஒரு நேர்கோடு கீறி, பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். "சட்டம் சட்டம்தான் பிள்ளை. சாப்பாட்டைப் போடுங்கோ, நேரம் போகுது" என்றார். அன்றைக்கு வழமைக்கு மாறாக இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அவரை ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்து, உறைக்குள் போடப் படிவத்தை எடுத்தேன். விளக்கில் பிடித்துப் பார்த்தபோது அந்தக் கோடும் சுருக்கொப்பமும் மினுங்கின.

பென்சில்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் மகளின் பள்ளிக்கூடப் பையிலிருந்து அழிறப்பரை எடுத்து வந்தாள். கவனமாக, பேனை எழுத்துக் கலங்காமல் அழித்து, தூளை ஊதிவிட்டாள். அடுத்த நாள் தபாலில் போட்டேன். இந்த நாட்டு அரசாங்கத்துக்கு எத்தனையோ கடதாசி அனுப்பியிருக்கிறேன். முழு மனதோடு அனுப்பியது அது ஒன்றைத்தான்.